கையோடு வரட்டும் காமிரா!

அக்கரைச் சீமைக்குப் போனவர் ஊர் திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் முதலில் ஆளைப் பார்ப்பார்கள். அடுத்த கணம் பெட்டியைப் பார்ப்பார்கள். அறந்தாங்கி வட்டாரத்தில் இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமல்ல. மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர்களிலிருந்தும், ஆவுடையார்கோயில் பக்கத்து வயற்காட்டுக் கிராமங்களிலிருந்தும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்கள் அநேகம் பேர்.

அந்தக் காலத்தில் கப்பல்தான். 1926-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய 'ரஜூலா' 1973 வரையில் இந்தப் பக்கத்து ஜனங்களை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு போய்க் கொண்டு வந்தது. அதன் பின்பு 'சிதம்பரம்' கப்பல் வந்தது. 1985-இல் நடுக்கடலில் அது தீப்பற்றியது; அத்துடன் அந்தப் பிரயாணிக் கப்பல் வழியும் முடிந்து போயிற்று. கப்பலில் பெட்டிக்கு இடப் பஞ்சம் கிடையாது. தகரப் பெட்டியோ மரப் பெட்டியோ, கயிற்றைச் சுற்றிக் கட்டி ஏற்றிவிட வேண்டியதுதான்.

இன்று விமானம். புதுக்கோட்டை வழியாகச் சுமார் இரண்டு மணி நேரம் சாலையில் போனால் திருச்சி விமான நிலையம். 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்ட அதன் புதிய முனையம் அந்த ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து பிரயாணிகளை ஏற்று வருகிறது. அங்கே ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். ஆனால் கப்பல் காட்டிய தாராளத்தை விமானம் காட்டுவதில்லை. கையில் எடுத்துப் போகும் பைக்குத் தராசு உண்டு, அளவுகோல் உண்டு, சட்ட திட்டங்கள் உண்டு.

பெட்டிக்குள் இருக்கும் பண்டமும் மாறிவிட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி லாப்டாப்புடன் ஊருக்கு வருகிறார். அக்கரையில் நடக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தைப் படம் பிடிக்க ஊரிலிருந்து வீடியோக்காரர் போகிறார். பல லட்சம் பெறும் காமிரா, லென்ஸ், லாப்டாப், ஹார்டு டிஸ்க், பத்துப் பன்னிரண்டு பாட்டரி: இத்தனையும் அவருடன் பறக்க வேண்டும். ஒரு ஸ்டூடியோவே ஆகாயத்தில் பறக்கிறது எனலாம்.

இவற்றில் எது கையோடு போக வேண்டும்? எது விமானத்தின் வயிற்றுக்குள் போகலாம்? கேள்வி சிறியது. ஆனால் விடை தெரியாதவர்கள் பணத்தை இழக்கிறார்கள். பணத்தைக் காட்டிலும் பெரியதையும் இழக்கிறார்கள்.

*ஏழு கிலோ என்னும் லட்சுமணக் கோடு*

பெரும்பாலான விமானக் கம்பெனிகள் சாதாரண வகுப்புப் பிரயாணிக்குக் கைப்பையில் அனுமதிப்பது 7 கிலோ. திருச்சிக்கு வந்து போகும் ஸ்கூட் கம்பெனி 10 கிலோ வரை விடுகிறது. பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டி மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் பரவலாக உள்ள கணக்கு. அதாவது 55, 35, 25. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால், டிக்கட்டில் அச்சாகியிருப்பதைப் படித்துவிட்டுப் பையைக் கட்டுவது உத்தமம்.

ஒரு கல்யாண வீடியோக்காரரின் பையை நாமே மனத்தால் நிறுத்துப் பார்ப்போம். லாப்டாப் 2 கிலோ. அதன் சார்ஜர் அரை கிலோ. காமிரா உடல் இரண்டு, ஒன்றரை கிலோ. லென்ஸ் மூன்று, 2 கிலோ. பாட்டரி ஆறு, அரை கிலோ. ஹார்டு டிஸ்க் இரண்டு, உறையுடன் அரை கிலோ. மெத்தை வைத்துத் தைத்த காமிராப் பை மட்டும் ஒன்றரை கிலோ. கூட்டிப் பார்த்தால் எட்டரை கிலோ! மாற்று வேஷ்டி ஒன்று கூட வைக்கவில்லை. அதற்குள் ஒன்றரை கிலோ மிஞ்சிவிட்டது.

இந்த இடத்தில்தான் உதவியாளப் பையன் கேட்பான்: "எதுக்குண்ணே இந்தத் தொந்தரவு? எல்லாத்தையும் பெரிய பெட்டியிலே போட்டு உள்ளே அனுப்பிடலாமே?"

"வேணாம்டா தம்பி. துணியை அனுப்பு, ஸ்டாண்டை அனுப்பு. இதை மட்டும் அனுப்பாதே" என்பதுதான் விவரம் தெரிந்த அண்ணன் சொல்லும் பதில்.

அவர் சொல்வது சரியே. காமிரா ஸ்டாண்டு, விளக்குத் தாங்கி, வயர்கள், பாட்டரி இல்லாத சார்ஜர்கள், ஸ்குரூ டிரைவர் முதலிய கருவிகள் ஆகியவை பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கிடையே போகலாம். கனத்த காமிராப் பைக்குப் பதிலாக அரை கிலோ எடையுள்ள சாதாரணத் தோள் பையில், ஒவ்வொரு லென்ஸையும் துண்டில் சுற்றி அடுக்கலாம். சார்ஜர் குறைந்ததில் அரை கிலோ, பை மாறியதில் ஒரு கிலோ. ஆக, கணக்கு 7 கிலோவுக்கு இறங்கிவிட்டது. இருவர் சேர்ந்து போனால் இன்னும் சௌகரியம்: காமிரா ஒருவர் பையில், லாப்டாப் மற்றவர் பையில்.

*பெட்டி தொலைந்தால் என்ன கிடைக்கும்?*

"விமானக் கம்பெனியிடம் ஒப்படைத்த பெட்டி தொலைந்தால் கம்பெனி கொடுத்துவிட்டுப் போகிறது" என்று எண்ணுவோர் உண்டு. கொடுக்கும், ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

நாடு விட்டு நாடு போகும் விமானப் பிரயாணத்துக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியால் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. பெட்டி தொலைந்தாலும், உடைந்தாலும், தாமதமாக வந்தாலும் ஒரு பிரயாணிக்கு இவ்வளவுதான் என்று அது வரம்பு கட்டியிருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,519 'எஸ்.டி.ஆர்.' எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதி நிறுவனம் கணக்குக்காக வைத்திருக்கும் ஓர் அளவு. நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டு லட்ச ரூபாய் என்று வைத்துக் கொள்ளலாம். அதுவும் உச்ச வரம்புதான். கேட்டவுடன் எண்ணி வைக்கும் தொகையல்ல. நல்ல காமிரா ஒன்றும் லென்ஸ் ஒன்றும் சேர்ந்தாலே அந்தத் தொகையைத் தாண்டிவிடும். மேலும், உடையக் கூடிய பொருள்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்காதீர்கள் என்று கம்பெனிகள் தங்கள் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

வேறு வழியே இல்லாமல் விலையுயர்ந்த சாமானைப் பெட்டியில் அனுப்புகிறவர்கள், ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக எழுதிக் கொடுத்து, கேட்கப்படும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தலாம். அதற்கு அந்த உடன்படிக்கையிலேயே இடமிருக்கிறது. பெட்டி அடிபட்டு வந்தால், கையில் கிடைத்த 7 நாளைக்குள் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். தாமதமாக வந்தால் 21 நாளைக்குள். இந்தக் கெடுவைத் தவறவிட்டால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் வழக்கு நிற்காது. ஆகவே விமான நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்த்து, சேதம் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்துச் சீட்டு வாங்கிக் கொள்வது புத்திசாலித்தனம்.

*பாட்டரிக்குள் ஒரு பூதம்*

பண நஷ்டம் ஒரு புறம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதுதான் தீ!

இன்று காமிராவிலும் லாப்டாப்பிலும் கைப்பேசியிலும் இருப்பது லித்தியம் அயான் பாட்டரி. ஜப்பானின் சோனி கம்பெனி 1991-இல் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆரம்பத்தில் இது உபயோகமானதும் கையடக்க வீடியோ காமிராவுக்குத்தான் என்பது வேடிக்கையான சங்கதி. இதை உருவாக்க வழி கண்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சின்ன டப்பாவுக்குள் பெரிய சக்தியை அடைத்து வைப்பதே இந்தப் பாட்டரியின் பெருமை. அபாயமும் அதிலேதான் இருக்கிறது. பாட்டரிக்குள் இரண்டு தகடுகள். அவை ஒன்றை ஒன்று தொடாமல் நடுவே காகிதம் போன்ற ஒரு மெல்லிய திரை. அடிபட்டோ, நசுங்கியோ, தயாரிப்புக் கோளாறினாலோ அந்தத் திரை கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் பாய்ந்து சூடேறும். சூடு ரசாயனத்தைக் கிளப்பும். ரசாயனம் மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு அறை பற்றினால் பக்கத்து அறையும் பற்றும். வைக்கோற்போரில் விழுந்த பொறி போல, நிறுத்துவது கடினம்.

பாட்டரியின் இரு முனைகளைச் சாவியோ சில்லறையோ தொட்டு இணைத்தாலும் இதே கதைதான். உதிரிப் பாட்டரியைச் சட்டைப் பையில் சில்லறையோடு போடக் கூடாது என்பது இதனால்தான். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ வைக்க வேண்டும். உறை இல்லாவிட்டால் முனையின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும். பத்து ரூபாய்ச் செலவு!

2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து புறப்பட்ட யு.பி.எஸ். சரக்கு விமானம் ஒன்று, ஆயிரக்கணக்கான லித்தியம் பாட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பற்றி விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் மாண்டார்கள். உலகமே விழித்துக் கொண்டது. 2016 ஏப்ரல் முதல், பிரயாணிகள் போகும் விமானங்களில் லித்தியம் அயான் பாட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதையே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை செய்துவிட்டது.

*சென்னைக்கு வந்த விமானத்தில் புகை*

"அப்படியானால் இந்தப் பாட்டரியை நம் தலைக்கு மேல் வைத்துக் கொண்டு போவது மட்டும் ஆபத்தில்லையா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இதற்கு விடையைச் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு விமானமே தந்திருக்கிறது. 2016 செப்டம்பர் 23-ஆம் தேதி, இண்டிகோ விமானத்தில் பிரயாணிகளின் தலைக்கு மேலிருந்த சாமான் அறையிலிருந்து புகை வந்தது. பைக்குள் இருந்த ஒரு சாம்சங் நோட் 2 கைப்பேசிதான் புகைந்து கொண்டிருந்தது. பணியாளர்கள் தீயணைப்பானை உபயோகித்தார்கள். பிறகு கைப்பேசியை எடுத்துக் கழிவறையில் தண்ணீர் நிரப்பி வைத்த பாத்திரத்துக்குள் போட்டார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதே கைப்பேசி கீழே, ஆளில்லாத சாமான் கிடங்கில், துணி மூட்டைகளின் நடுவே புகைந்திருந்தால்? மூக்கும் கண்ணும் உள்ள மனிதர் அங்கே யாரும் இல்லை. கிடங்கில் தானியங்கித் தீயணைப்பு வாயு உண்டு என்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்த வாயு ஜுவாலையை அடக்குமே தவிர, பாட்டரிக்குள் ஏறும் சூட்டை ஆற்றாது. சூட்டை ஆற்றத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை ஊற்றக் கை வேண்டும்.

உதிரிப் பாட்டரியும் பவர் பாங்க்கும் கைப்பையில்தான் வர வேண்டும் என்ற விதியின் தத்துவம் இதுவே. 'பத்திரமானது, ஆகவே கையில் வைத்துக் கொள்' என்று அந்த விதி சொல்லவில்லை. 'அபாயமானது, ஆகவே கண் பார்வையில் வைத்துக் கொள்' என்று சொல்கிறது!

*இரண்டு பயங்களின் இழுபறி*

2017-இல் இந்த விஷயம் தலைகீழாயிற்று. அந்த ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி அமெரிக்க அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. துபாய், அபுதாபி, தோஹா, குவைத் உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேராக வரும் விமானங்களில், கைப்பேசியைவிடப் பெரிய லாப்டாப், காமிரா முதலிய எதையும் பிரயாணி கையில் கொண்டு வரக் கூடாது. எல்லாம் கீழே போக வேண்டும். லாப்டாப்புக்குள் வெடிகுண்டை ஒளித்து வைப்பார்களோ என்ற பயம்! பிரிட்டனும் வேறொரு பட்டியலுடன் இதே வழியில் போயிற்று. வளைகுடா வழியாக அமெரிக்கா செல்லும் நம்மவர்களும் இதில் சிக்கினார்கள்.

வெடிகுண்டுக்குப் பயந்தவர்கள் 'கீழே போடு' என்றார்கள். தீக்குப் பயந்தவர்கள் 'மேலே வை' என்றார்கள். பிரயாணி நடுவே நின்று விழித்தார்.

சோதனைகள் கடுமையாக்கப்பட்ட பின்பு, அதே ஆண்டு ஜூலைக்குள் அமெரிக்கா எல்லா இடங்களுக்கும் அந்தத் தடையை நீக்கிக் கொண்டது. அதற்குப் பிறகு அமெரிக்க விமானத் துறையினர் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். சார்ஜ் ஏற்றிய லாப்டாப் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் தலைக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா ஒன்றையும் வைத்து, பாட்டரியைச் சூடேற்றினார்கள். ஒரு நிமிஷத்துக்குள் டப்பா வெடித்தது. பெரிய மின்னணுச் சாமான்களைப் பெட்டியில் அனுப்பாமல் இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

இப்போதைய பொதுவான சர்வதேச விதி இதுதான்: பாட்டரி பொருத்திய லாப்டாப்பையோ காமிராவையோ தவிர்க்க முடியாமல் பெட்டியில் வைத்தால், முழுவதுமாக அணைத்து, தற்செயலாக உயிர் பெறாதபடியும் அடிபடாதபடியும் பாதுகாத்து வைக்க வேண்டும். தூங்க வைத்தால் போதாது, அணைக்க வேண்டும். உதிரிப் பாட்டரியோ, பவர் பாங்க்கோ பெட்டிக்குள் போகவே கூடாது.

*பள்ளிக்கூடப் பிள்ளையும் போடக் கூடிய கணக்கு*

எந்தப் பாட்டரிக்கு அனுமதி, எதற்கு இல்லை என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பாட்டரியின் சக்தியை 'வாட் அவர்' என்று அளக்கிறார்கள். பல பாட்டரிகளில் டபிள்யூ.எச். என்று அச்சடித்திருக்கும். இல்லாவிட்டால் நாமே கண்டுபிடிக்கலாம்: வோல்டேஜை ஆம்பியர் அவரால் பெருக்க வேண்டும். எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அதை ஆயிரத்தால் வகுத்துக் கொண்டு பெருக்க வேண்டும்.

7.2 வோல்ட், 2,000 எம்.ஏ.எச். காமிரா பாட்டரி: 7.2 பெருக்கல் 2, ஆக 14.4 வாட் அவர். கவலையே இல்லை. 3.7 வோல்ட், 20,000 எம்.ஏ.எச். பவர் பாங்க்: 74 வாட் அவர். இதுவும் சரி. அதே பவர் பாங்க் 30,000 எம்.ஏ.எச். ஆனால் 111 வாட் அவர். இங்கேதான் கோட்டைத் தாண்டுகிறோம்.

100 வாட் அவர் வரை பொதுவாகத் தடையில்லை. 100-க்கு மேல் 160 வரை இருந்தால் கம்பெனியின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பிரயாணி எடுத்துப் போகவே முடியாது. பெரிய சினிமாக் காமிராவுக்கும் வீடியோ விளக்குக்கும் முதுகில் மாட்டும் கனத்த பாட்டரிகளை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். அச்சு அழிந்து எண்ணே தெரியாத பாட்டரியை விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக் கொண்டால் வாதாடிப் பயனில்லை.

2025-இல் பவர் பாங்க் விஷயத்தில் பிடி இன்னும் இறுகியது. அந்த ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி தென் கொரியாவின் பூசான் விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தின் மேல் சாமான் அறையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள், விமானம் தப்பவில்லை. ஒரு பவர் பாங்க்கே காரணமாயிருக்கலாம் என்று விசாரணையில் தெரிவித்தார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல், பறக்கும்போது பவர் பாங்க்கை உபயோகித்துச் சார்ஜ் ஏற்றுவதைத் தடை செய்தன. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல், 100 வாட் அவருக்குள் ஒன்றே ஒன்று, அதையும் உபயோகிக்கக் கூடாது என்றது. ஆகவே பவர் பாங்க்கை மேல் அறையில் திணிக்காமல், முன் சீட்டுப் பையிலோ காலடிப் பையிலோ எட்டும் தூரத்தில் வைத்துக் கொள்வதே நல்லது.

கைப்பேசி சீட்டின் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டை முன்னும் பின்னும் அசைத்துத் தேடாதீர்கள். இரும்புக்கிடையே நசுங்கினால் அதுவும் பூதம்தான். பணியாளரைக் கூப்பிடுங்கள்.

*வாசலில் வரும் சோதனை*

எல்லாம் சரியாகக் கட்டிக் கொண்டு போனவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விமானத்தில் ஏறும் வாசல்! விமானம் நிரம்பி வழிகிறது. மேல் அறைகளில் இடமில்லை.

"சார், இந்தப் பை உள்ளே கொள்ளாது. கீழே அனுப்பிவிடுகிறோம்" என்பார் பணிப்பெண்.

அந்த அவசரத்தில் சரியென்று நீட்டிவிடக் கூடாது. "இதில் காமிராவும் பாட்டரியும் இருக்கின்றன, மேடம். இரண்டு நிமிஷம் பொறுங்கள்" என்று பணிவாகச் சொல்ல வேண்டும். காமிராச் சாமான் என்று தெரிந்தால் பெரும்பாலும் இடம் செய்து கொடுப்பார்கள். இடமே இல்லையென்றால், உதிரிப் பாட்டரி, பவர் பாங்க், மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க், லாப்டாப் ஆகியவற்றை வெளியே எடுத்துக் கொண்டு பையைக் கொடுக்க வேண்டும். இதற்காகவே, மடித்த துணிப்பை ஒன்று கைவசம் இருக்கட்டும். மளிகைக் கடைக்கு எடுத்துப் போகும் மஞ்சள் பையே போதும்!

பாதுகாப்புச் சோதனையில் லாப்டாப்பையும் காமிராவையும் தனித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். இயக்கிக் காட்டு என்றும் சொல்லலாம். ஆகவே கொஞ்சமாவது சார்ஜ் இருக்க வேண்டும். எக்ஸ்ரே பட்டால் மெமரி கார்டில் உள்ள படம் அழியும் என்ற பயம் வேண்டாம். அப்படி ஒன்றும் ஆகாது. பழைய பிலிம் சுருள் வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். புதிதாக வந்துள்ள சி.டி. ஸ்கேனர் யந்திரம் கழுவாத பிலிமைக் கெடுத்துவிடும்; கையால் சோதிக்கும்படி கேட்டுக் கொள்ளலாம்.

*திரும்பி வரும்போது சுங்கம்*

போகும்போது எடுத்துப் போன சொந்தக் காமிராவுக்கே திரும்பி வரும்போது தீர்வை கட்ட நேர்ந்தால் எப்படி இருக்கும்? புத்தம் புதிதாகப் பளபளக்கும் சாமானைப் பார்த்து, "இது இங்கிருந்து போனதா, அங்கே வாங்கியதா?" என்று சுங்க அதிகாரி கேட்பது அவருடைய கடமை. நம்மிடம் சாட்சி வேண்டும்.

அதற்கு வழி, புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் சாமானைக் காட்டி, அதன் வரிசை எண்களுடன் ஏற்றுமதிச் சான்று வாங்கிக் கொள்வது. கொஞ்சம் முன்னதாகப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வாங்கிய ரசீதின் பிரதியும் உடன் இருக்கட்டும். பெரிய குழுவாக, ஏராளமான சாதனங்களுடன் போகிறவர்களுக்குக் 'கார்னே' என்ற சர்வதேசச் சீட்டு உண்டு. இந்தியாவில் அதைக் கொடுப்பது ஃபிக்கி என்னும் வர்த்தக சம்மேளனம். ஓராண்டு வரை செல்லுபடியாகும்.

வெளிநாட்டிலிருந்து வரும் 18 வயது நிரம்பியவர் ஒரு லாப்டாப்பைத் தீர்வையின்றிக் கொண்டு வரலாம். புதிதாக வாங்கிய காமிராவும் லென்ஸும் பொதுவான சலுகை வரம்புக்குள் கணக்காகும். அந்த வரம்பு அவ்வப்போது மாறும். புறப்படுமுன் விசாரித்துக் கொள்ளுங்கள். ஆனால் டிரோன் மட்டும் வேண்டவே வேண்டாம். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோனை முழு உருவில் நாட்டுக்குள் கொண்டு வருவது தடை செய்யப்பட்டிருக்கிறது. 'அக்கரையில் மலிவு' என்று வாங்கி வந்தால், சுங்கச் சாவடியோடு அதற்குக் கும்பிடு போட வேண்டியதுதான்.

கூலிக்காகப் படம் பிடிக்கப் போகிறவர்கள், அந்த நாட்டில் அதற்கு அனுமதி தேவையா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக் கொள்ள வேண்டும். சுற்றிப் பார்க்கும் விசாவை வைத்துக் கொண்டு சம்பாதிக்க முற்படுவது வினையை விலை கொடுத்து வாங்குவதாகும்.

*விலை போட முடியாத சரக்கு*

இவ்வளவு நேரம் காமிராவைப் பற்றிப் பேசினோம். ஆனால் திரும்பும் பையில் காமிராவைவிட விலையுயர்ந்த பொருள் ஒன்று இருக்கிறது. கட்டை விரல் நகத்தளவுதான் அதன் பரிமாணம். கல்யாணம் முழுவதையும் வயிற்றில் வைத்திருக்கும் மெமரி கார்டு!

காமிரா தொலைந்தால் கடன் வாங்கியாவது வேறு வாங்கலாம். அந்தக் கார்டு தொலைந்தால்? மறுபடி ஒருமுறை தாலி கட்டச் சொல்ல முடியுமா? ஆசீர்வதித்த கிழவி அடுத்த வருஷம் இருப்பாளா?

ஆகவே படம் பிடித்த அன்று இரவே, தூக்கம் வந்தாலும், மூன்று பிரதிகள் இருக்கும்படி செய்ய வேண்டும். மூலக் கார்டு ஒன்று. ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. மூன்றும் ஒரே பையில் இருந்தால் மூன்றும் ஒன்றுதான். கார்டு சட்டையின் உள் பையில். ஒரு டிஸ்க் கைப்பையில். மற்றொன்று உடன் வருபவரிடம், அல்லது கல்யாண வீட்டாரிடமே. ஊர் வந்து சேர்ந்து, படம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் வரை கார்டை அழிக்கக் கூடாது. பெரிய பெட்டியில் டிஸ்க்கை வைத்தால் அடிபடும். சுழலும் வகை டிஸ்க்கானால் ஒரே அடியில் போய்விடும்.

நம் பக்கத்தில் இது வெறும் தொழில் நுணுக்கம் அல்ல. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்கு ஒப்பந்தம் முடியவில்லை. மாமாவுக்கு டிக்கட்டுக்குப் பணம் சேரவில்லை. கல்யாணச் செலவுக்குப் பணம் அனுப்பியவரே கல்யாணத்தைப் பார்க்காதவர்! நேரத்திலேயே ஒளிபரப்பும் வசதி வந்துவிட்ட போதிலும், வேலை நேரத்தில் நடக்கும் முகூர்த்தத்தை அவர் எங்கே பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை, அறைத் தோழர்கள் சூழ, லாப்டாப்பின் முன் அமர்ந்துதான் தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைக் காண்கிறார். அவருக்கு அந்தக் கல்யாணம் அப்போதுதான் நடக்கிறது.

அதைச் சுமந்து வருபவர் சாமான்காரர் அல்ல. ஒரு குடும்பத்தின் நினைவுக்குக் காவல்காரர். கைப்பையில் இடம் போதவில்லையென்றால் வேஷ்டியைக் கீழே அனுப்புங்கள். பலகாரத்தைக் கீழே அனுப்புங்கள். படமும் பாட்டரியும் உங்கள் கையோடு, உங்கள் கண்ணெதிரே வரட்டும். வேஷ்டி தொலைந்தால் அறந்தாங்கிக் கடைவீதியில் வாங்கிக் கொள்ளலாம். முகூர்த்த நிமிஷத்தை எந்தக் கடையில் வாங்குவது?